முதலில் குருவி, பிறகு விதை
(மக்தப் மதரஸா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் பிள்ளைகளின் ஓதல், தொழுகை, வருகை ஆகியவற்றைக் குறித்தே நாம் பேசி வந்திருக்கிறோம். இம்முறை வேறொன்றைப் பேச விழைகிறோம். வீட்டில் ஒரு மவ்த் நேர்ந்துவிட்டால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதே அது. இதைப் பேச நம்மைத் தூண்டியது நாமே செய்த ஒரு தவறு. அதனை உங்கள் முன் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவதே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனின் தகப்பனார் திடீரென வஃபாத்தானார். பிள்ளையின் பெயரும் குடும்பமும் இங்கே தேவையில்லை. குளிப்பாட்டிக் கஃபனிட்டு வைத்திருந்த மய்யித்தின் அருகில் வந்து நின்ற அச்சிறுவன், நம்முடைய ஜிப்பாவைப் பிடித்து இழுத்து, "ஹஜ்ரத், அத்தா ஏன் எழுந்திரிக்கல?" என்று கேட்டான். சுற்றிலும் அழுகுரல். நமக்கும் தொண்டை அடைத்தது. அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னோம்: "அத்தா தூங்குறாங்க தம்பி." அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டதாக நாமும் எண்ணிக்கொண்டோம்.

ஒரு மாதம் சென்றிருக்கும். அச்சிறுவனின் தாயார் தம் சகோதரர் மூலம் நமக்குச் செய்தி அனுப்பினார். பிள்ளை இரவில் உறங்க மறுக்கிறான். தாய் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்புகிறான். தம்பி தொட்டிலில் தூங்கினால் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறான் என்பதே அச்செய்தி. தூங்குகிற அத்தாவைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்ததைப் பார்த்த பிள்ளை, தூக்கத்திற்கு அஞ்சாமல் வேறெதற்கு அஞ்சும்? நாம் ஆறுதல் என்று எண்ணிச் சொன்ன சொல், அப்பிள்ளையின் இரவுகளைப் பறித்துக்கொண்டது.

அன்பிற்குரியவர்களே! நம்மைப் போலவே நீங்களும் இத்தகைய சொற்களைச் சொல்லியிருப்பீர்கள். "ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்போம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் தகப்பன்மார் உழைக்கும் நம் ஊரில், இதைக் கேட்கும் பிள்ளை ஒவ்வோர் ஊர்தி வந்து நிற்கும்போதும் வாசலுக்கு ஓடும். "அல்லாஹ் ரொம்பப் பிரியப்பட்டான், அதனால் எடுத்துக்கொண்டான்" என்போம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அதனைக் கேட்கும் பிள்ளை, "அடுத்து அல்லாஹ் அம்மாவின் மீது பிரியப்பட்டு விடுவானோ" என்று நடுங்குவதை நாம் அறிவதில்லை. ரப்பின் மீது அன்பு கொள்ள வேண்டிய இளம் உள்ளத்தில், நாமே அச்சத்தை விதைத்துவிடுகிறோம்.

சின்னஞ்சிறு பிள்ளைகளின் உள்ளம் இவ்விஷயத்தில் நம் உள்ளத்தைப் போன்றதன்று. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த மரியா நாகி என்ற உளவியலாளர், மூன்று முதல் பத்து வயது வரையுள்ள 378 பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிப் பேசியும், எழுதவும் வரையவும் செய்தும் திரட்டிய ஆய்வை 1948-இல் வெளியிட்டார். ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பலரும் மரணத்தை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகின்றனர், போனவர் திரும்பி வருவார் என்றே நம்புகின்றனர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. அதற்குப் பின் வந்த ஆய்வாளர்கள், பிள்ளை படிப்படியாக விளங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று என்றனர். இறந்த உடல் மீண்டும் இயங்காது. மூச்சு, பசி, வலி, பார்வை எதுவும் அதற்கு இல்லை. உயிருள்ள யாவும் ஒரு நாள் இறக்கும். ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வயதிற்குள் பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை உணரத் தொடங்குகின்றனர். அவ்வாறிருக்க, பிள்ளை தானாகவே கொண்டிருக்கும் தவறான எண்ணத்தை, "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி நாமே உறுதிப்படுத்துவது எவ்வளவு பெரிய பிழை!

அப்படியானால் எதைக் கொண்டு விளக்குவது? இதற்கு அல்குர்ஆனே வழி காட்டுகிறது. ஆதம் (அலை) அவர்களின் மக்களுள் ஒருவர் மற்றவரைக் கொன்றபோது, அந்த உடலை என்ன செய்வதென்று கொன்றவருக்குத் தெரியவில்லை. அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது மண்ணைக் கிளறிக் காட்டியது. அல்மாயிதா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் இதனை எடுத்துரைக்கிறது. மய்யித்தை அடக்கம் செய்யும் பாடத்தை மனிதன் ஒரு பறவையிடமிருந்தே கற்றான். இவ்வாறிருக்க, நம் பிள்ளைகளுக்குக் காகமும் குருவியும் செடியும் கொடியும் ஆசிரியர்களாக இருப்பதில் வியப்பென்ன?

அண்ணலார் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. மதீனாவில் அபூ தல்ஹா (ரலி), உம்மு சுலைம் (ரலி) தம்பதியரின் சின்னஞ்சிறு மகன் அபூ உமைர், நுஃகைர் என்னும் சிறு குருவியொன்றை வளர்த்து வந்தார். அது இறந்துவிட்டது. பிள்ளை சோகமாக அமர்ந்திருப்பதைக் கண்ட நபியவர்கள், அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அக்குருவிக்கு என்னவாயிற்று என்று வாஞ்சையோடு விசாரித்தார்கள். அவருடைய சகோதரர் அனஸ் (ரலி) இதனை அறிவிக்கிறார்கள். அண்ணலார் அங்கே ஒரு குருவிக்காகவா அழுவது என்று கடியவில்லை. வேறு குருவி வாங்கித் தருகிறோம் என்று பேச்சை மாற்றவில்லை. குருவி பறந்து போய்விட்டது என்று பொய் சொல்லவுமில்லை. பிள்ளை எதை இழந்ததோ அதைப் பற்றியே கேட்டார்கள். சில சொற்களே கொண்ட இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஏறக்குறைய அறுபது பாடங்களைத் தொகுத்துத் தனி ஏடே எழுதினார் ஷாஃபிஈ அறிஞரான இப்னுல் காஸ் அத்தபரீ (ரஹ்). மதரஸாவில் ஓதிய காலத்தில் நாமும் இந்த ஹதீஸை ஓதியிருக்கிறோம். ஆனால் அந்தச் சிறுவன் நம்முன் வந்து நின்றபோது அதன் பாடம் நமக்கு நினைவில் வரவில்லை. ஓதியது வேறு, உணர்ந்தது வேறு என்பதை அன்றுதான் கண்டோம்.

மீண்டும் அச்சிறுவனிடம் வருவோம். அது தை மாதம். நம் இராமநாதபுரம் சீமையில் ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைப் பாத்தி கட்டி மண் போட்டு மூடுவதும், மார்கழி, தையில் கிழங்கு பறிப்பதும் நீங்கள் அறிந்ததே. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் கிழங்கு பறிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கொட்டையை வெட்டி உள்ளிருக்கும் தவுனைப் பகிர்ந்து தின்றார்கள். மறுநாள் காலை மதரஸாவில் அச்சிறுவன் நம்மருகில் வந்து மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், அத்தாவையும் மண்ணுலதானே வச்சாங்க? எப்ப எடுப்பாங்க?"

பெரியோர்களே! அந்தக் கேள்விக்கு முன்னால் நாம் கற்ற கல்வியெல்லாம் வாயடைத்து நின்றது. இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதைக் காட்டி, அவ்வாறே மரித்தோரையும் எழுப்புவோம் என்று இறைமறை பல இடங்களில் போதிக்கிறது. ரூம் அத்தியாயத்தின் 50ஆம் வசனத்தையும், ஃபுஸ்ஸிலத் அத்தியாயத்தின் 39ஆம் வசனத்தையும் எத்தனை ஜுமுஆக்களில் நாம் ஓதி விளக்கியிருப்போம்! பெரியவர்களாகிய நாம் அதைக் கேட்டால் மறுமையை நினைக்கிறோம். பிள்ளையோ தை மாதத்தை நினைக்கிறது. விதையை மட்டும் காட்டி, மரணம் இன்னதென்று சொல்லாமல் விட்டால், பிள்ளை கப்ரின் அருகில் காத்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. விதை செத்த பொருள் அன்று. அதனுள் உயிர் அடங்கிக் கிடக்கிறது. கண்மாய் வற்றும்போது மண்ணுக்குள் புதைந்து, ஐப்பசி மழைக்கு வெளியே வந்து கத்துகின்ற தவளையும் செத்துப் பிழைத்ததன்று. உயிரோடு ஒடுங்கிக் கிடந்ததே. பனங்கொட்டையையும் தவளையையும் மட்டுமே பார்த்த பிள்ளை, ஒடுங்கிய உயிரையும் பிரிந்த உயிரையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும். ஆகவேதான் வரிசை முக்கியம் என்கிறோம். முதலில் குருவி, பிறகு விதை. மரணம் இன்னதென்ற உண்மை முதலில். மறுமையின் நம்பிக்கை அதன் பிறகு.

அன்று நாம் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. "நல்ல கேள்வி தம்பி, ஹஜ்ரத் யோசித்துச் சொல்கிறேன்" என்றோம். அவனுடைய தாயாரிடம் அனுமதி பெற்றோம். இரண்டு நாட்களுக்குப் பிறகு பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் ஒரு மைனா இறந்து கிடந்தது. அவனை அருகில் அமர்த்திக்கொண்டோம். தொட்டுப் பார்க்கலாமா என்றான். காகிதத்தில் எடுத்து வைத்துக் காட்டினோம். சூடு இல்லை என்றான். நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றான். ஈ மொய்க்கிறது, விரட்டவில்லை என்றான். "இதுக்கு வலிக்குதா?" என்றான். "இல்லை தம்பி. உயிர் போனபின் வலி இல்லை, பசி இல்லை, குளிர் இல்லை" என்றோம். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்து, பிறகு கேட்டான்: "அத்தாவுக்கும் குளிராதா?" மார்கழிப் பனியில் அத்தா வெளியே மண்ணில் கிடக்கிறாரே என்பதுதான் அத்தனை நாளும் அப்பிள்ளை சுமந்துகொண்டிருந்த கவலை என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

"அன்னைக்கு அத்தா தூங்குறாங்கன்னு ஹஜ்ரத் சொன்னது தப்பு தம்பி. அத்தா மவ்த்தாயிட்டாங்க. தூங்குறவங்க எழுந்துருவாங்க. மவ்த்தானவங்க இந்த உலகத்துல எழுந்திரிக்க மாட்டாங்க" என்று சொன்னோம். அவன் அழுதான். நாமும் அழுதோம். இருவருமாகக் குழி தோண்டி அந்த மைனாவைப் புதைத்தோம். அன்றிரவே அவன் நிம்மதியாக உறங்கிவிட்டான் என்று கூறினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். மாதங்கள் ஆயின. ஆனால் தம்பியின் மூக்கில் கை வைத்துப் பார்ப்பதை அவன் விட்டுவிட்டான் என்று தாயார் சொல்லியனுப்பினார்.

அழுவதைப் பற்றியும் ஒரு சொல். ஆண் பிள்ளை அழக்கூடாது என்று அதட்டுகிறோம். நபியவர்களின் பச்சிளம் மைந்தர் இப்ராஹீம் (ரலி) ஹிஜ்ரி 10-இல் மறைந்தபோது அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்க, இது இரக்கம் என்று விளக்கமளித்தார்கள். அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபிமகனின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். அண்ணலார் அதனை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திர கிரகணங்கள் ஏற்படுவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று தெளிவுபடுத்தினார்கள். தம் துயரத்தின் உச்சத்திலும் உண்மையை விட்டுக்கொடுக்காத அந்தப் பண்பை எண்ணிப் பாருங்கள்!

இதில் பிள்ளைகளுக்கு மிகப்பெரும் ஆறுதல் இருக்கிறது. "நான் அடம் பிடித்தேன், அதனால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வெளியே சொல்லாது. நாமாகவே, "உன் கோபத்தாலோ சேட்டையாலோ யாருக்கும் மவ்த் வராது" என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்னும் பேச்சும் அப்படித்தான். ஆந்தைச் சகுனத்தை நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். நம் வயல்களில் எலி பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவும் பறவை அது. இறைவனின் படைப்புகளைக் கண்டு பிள்ளை பாடம் பெற வேண்டுமே தவிர, பயம் பெறக்கூடாது.

கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள் என்றும் வேண்டுகிறோம். மரித்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று இறைவனிடமே கேட்டவர்கள் இப்ராஹீம் (அலை). நம்பிக்கை இல்லாமல் அல்ல, உள்ளம் அமைதி பெறுவதற்காகவே கேட்டார்கள். அவர்களுக்குரிய விடையை அல்லாஹ் நான்கு பறவைகளைக் கொண்டே காட்டினான். நபிமார்களின் தந்தை கேட்ட கேள்வியைத்தான் நம் வீட்டு ஆறு வயதுப் பிள்ளையும் கேட்கிறது.

இனி, நம் ஊரிலேயே இதற்கான பாடசாலைகள் எத்தனை என்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் குண்டாறு இருக்கிறது. கரிசல் காட்டில் முண்டு மிளகாய் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெயர் சிறந்த அந்த மிளகாய், மழைக்கு முளைத்து, காய்த்து, கோடையில் காய்ந்து மடிகிறது. மடிந்த செடி திரும்பி வருவதில்லை. அடுத்த ஆண்டு வருவது அதன் விதையிலிருந்து முளைக்கும் வேறொரு செடி. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். முதுகுளத்தூர் அருகே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் இருக்கின்றன. 1989-இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக அளவிலான ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றவை. நல்ல மழை பெய்த ஆண்டில் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காணலாம். மழை பொய்த்துக் கண்மாய் வறண்டால் பறவைகளும் தங்குவதில்லை. எல்லாக் குஞ்சுகளும் பறப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்து இறப்பனவும் உண்டு. பிறப்பும் இறப்பும் ஒரே மரத்தில் நிகழ்வதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பயணமொன்றில் குஞ்சுகளைப் பிடித்து வந்த தோழர்களிடம், தாய்ப்பறவை தவிக்கிறது, திருப்பி விட்டுவிடுங்கள் என்று பணித்த நபியின் உம்மத் நாம்.

மண்ணுக்குள் உடல் என்ன ஆகும் என்று பிள்ளை கேட்டால் திகைக்க வேண்டாம். வேப்பமரத்தடியில் உதிர்ந்த சருகுகளைக் கிளறிக் காட்டுங்கள். மேலே சருகு, அடியில் பாதி மக்கியது, அதற்கும் அடியில் மண். "மண்ணிலிருந்து படைக்கப்பட்ட உடல் மண்ணோடு சேர்கிறது, உயிர் அல்லாஹ்விடம் இருக்கிறது" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். கேட்டதற்கு மட்டும் விடை கூறுங்கள். கேளாததை எல்லாம் கொட்டிக் கப்ரைப் பற்றிய அச்சத்தை அந்த வயதில் ஊட்ட வேண்டாம்.

இவ்வுண்மை பிள்ளையின் மனத்தில் பதிந்த பின்னரே விதையைக் கையில் கொடுங்கள். "இந்த உலகில் அத்தா திரும்பி வரமாட்டார். ஆனால் காய்ந்த பூமியைப் பசுமையாக்கும் அல்லாஹ், மறுமை நாளில் எல்லோரையும் எழுப்புவான். அங்கே சந்திக்க துஆச் செய்வோம்" என்று அப்போது சொன்னால், அது பொய்யான எதிர்பார்ப்பாக இராது, ஈமானாக வேர் பிடிக்கும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது, பெற்றோரின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக்கூட இயலாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் இன்று வளர்ந்திருக்கிறார்கள். அன்று அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது என்று விசாரியுங்கள். இப்போதும் சரியாகச் சொல்லலாம், காலம் கடந்துவிடவில்லை.

நிறைவாக, ஜமாஅத்தார்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: மவ்த் நிகழ்ந்த வீட்டில், பிள்ளைகளுடன் இருப்பதற்கென்றே பொறுமையான உறவினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பிள்ளை முகம் பார்க்க விரும்பினால் காட்டுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். இரண்டு: மதரஸாப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை மழைக்காலத்தில் கப்ருஸ்தான் மதில் ஓரமாக வேம்பு, புங்கன் கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்ற ஜமாஅத் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தகப்பனுக்காகச் செய்வதற்கு ஒன்று கிடைக்கும். கன்றுகளில் சில பட்டுப்போகும். அதுவும் பாடமே, பட்ட இடத்தில் மறு கன்று நடட்டும். மூன்று: பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். ஆலிம்களுக்கும் இது பொருந்தும்.

அச்சிறுவன் இப்போது வளர்ந்துவிட்டான். மழைக்காலத்தில் கப்ருஸ்தானுக்கு வரும்போது, தான் நட்ட வேம்பின் அடியில் சற்று நின்றுவிட்டுத்தான் தந்தையின் கப்ருக்குச் செல்கிறான். எப்போது எடுப்பார்கள் என்று இப்போது அவன் கேட்பதில்லை. கையேந்தி துஆச் செய்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளிடம் உண்மையை அன்போடு எடுத்துரைக்கும் நாவை எங்களுக்குத் தருவாயாக! எங்களுக்கு முன் சென்றுவிட்டவர்களின் கப்ருகளை ஒளியாக்குவாயாக! தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளுக்கு நீயே பாதுகாவலனாக இருப்பாயாக! எங்கள் ஊருக்குப் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! ஆமீன்.